காக்ஸ் டவுன் எம்ஜிபி: கார்ப்ரேட்டர் ஓவர்ஃப்ளோ கேஸ், முழு விவரம்

வண்டி 1969 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர், பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, ட்வின் எஸ்யூ எச்எஸ்4 கார்ப்ரேட்டர், அதாவது பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்குக் குடுக்கற சாமான் ரெண்டு. ஓனர் என் மாமா, அம்மாவோட தம்பி, ரிட்டயர் ஆகி காக்ஸ் டவுன்ல இருக்கார். கம்ப்ளெயின்ட் ஒரே வரிதான்: "டேய் மாப்ள, வண்டி பெட்ரோலைக் குடிக்கல, துப்புது."

அந்த ஒரு வரிய பிடிச்சிட்டு நாங்க மூணு மாசம் அலைஞ்சோம். கார்ப்ரேட்டரை நாலு தடவ கழட்டினோம். கடைசில கோளாறு கார்ப்ரேட்டர்லயே இல்ல. இத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இத எழுதறதே எப்படி ஏமாந்தோம்னு சொல்லத்தான்.

முதல் சம்பவம் ஒரு ஞாயித்துக்கிழமை. காலைல அஞ்சரைக்கு நந்தி ஹில்ஸ் போயிட்டு, வெயில் ஏறினப்புறம் திரும்பி வரோம். போற வழில வண்டி பட்டு மாதிரி ஓடிச்சு, ஹெப்பாள் வந்ததும் வழக்கமான கூத்து, ஃப்ளைஓவர் மேல நாப்பது நிமிஷம் ஊர்ந்தோம், டெம்பரேச்சர் முள்ளு ஏறுது, ஐடில்ல இன்ஜின் தடுமாறுது, அப்புறம் பின்னாடி கறுப்புப் புகை, பின்னாடி வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடிச்சு கன்னடத்துல ஏதோ கத்தறார், நான் இறங்கிப் பாத்தா பானெட்டுக்குக் கீழ ரோட்டுல சொட்டு சொட்டா பெட்ரோல். முன் கார்ப்ரேட்டரோட ஓவர்ஃப்ளோ பைப்லேர்ந்து வருது. அப்படியே ஆஃப் ஆயிடுச்சு. செல்ஃப் அடிச்சா புடிக்கவே இல்ல.

இங்க ஒரு விஷயம், இந்த வண்டில இருக்கிற பி சீரிஸ் இன்ஜின்ல இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். கார்ப்ரேட்டருக்கு நேர் கீழ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கொதிச்சிட்டு இருக்கும். நடுவுல ஒரு தகடு இருக்கு, ஓவர்ஃப்ளோ பைப்பும் கீழ வரைக்கும் இறங்கும், ஆனாலும் பெட்ரோல் சொட்டும்போது "பாத்துக்கலாம் வா"ன்னு ஓட்டற விஷயம் இல்ல இது. மாமா சீட்டுக்குப் பின்னாடி ஃபயர் எக்ஸ்டிங்விஷர் வெச்சிருக்கார். நீங்களும் வைங்க.

அன்னிக்கு எப்படி வீடு வந்தோம்னா, ஸ்பேனர் கைப்பிடியால ஃப்ளோட் சேம்பரை, அதாவது கார்ப்ரேட்டர்ல பெட்ரோல் நிக்கற சின்ன கிண்ணத்த, ரெண்டு தட்டு தட்டினேன், பத்து நிமிஷம் விட்டோம், அப்புறம் சோக் தொடாம ஆக்ஸிலரேட்டரை முழுசா அமுக்கிப் புடிச்சிட்டு செல்ஃப் அடிச்சா இருமிட்டு எழுந்துச்சு. எஸ்யூ-ல ஆக்ஸிலரேட்டர் பம்ப்னு ஒண்ணு கிடையாது, அதனால மிதிச்சா கூடுதல் பெட்ரோல் ஊத்தாது, காத்து மட்டும் தாராளமா போய் உள்ள இருக்கிற ஈரத்த அடிச்சுத் தள்ளிடும். மத்த கார்ப்ரேட்டர் வண்டில பழகினவங்க பயந்துக்கிட்டு மிதிக்க மாட்டாங்க, இதுல தைரியமா மிதிக்கலாம்.

தட்டினதும் சரியாச்சுன்னா என்ன அர்த்தம்? பெட்ரோல் வர்ற ஓட்டைய மூடற நீடில் வால்வுல ஏதோ தூசு மாட்டிருக்கு, தட்டினதும் விழுந்துடுச்சு. எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க, நாங்களும் நினைச்சோம். அது பாதி உண்மை, அதுதான் எங்கள கெடுத்துச்சு.

எச்எஸ்4 உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. டாங்க்லேர்ந்து பெட்ரோல இழுத்துத் தள்ற பம்ப்லேர்ந்து வர்ற பெட்ரோல் மூடில இருக்கிற நீடில் வால்வ் வழியா ஃப்ளோட் சேம்பர்ல இறங்கும். மட்டம் ஏற ஏற ஃப்ளோட் மேல வந்து நீடில அமுக்கி ஓட்டைய அடைக்கும். நம்ம வீட்டு சிண்டெக்ஸ் டேங்க் பால்வால்வ் எப்படியோ அதே கதைதான். சேம்பர் அடிலேர்ந்து ஒரு நைலான் டியூப் ஜெட்டுக்கு, அதாவது இன்ஜினுக்குப் பெட்ரோல் போற சின்ன துளைக்குப் போகும், ஜெட்ல பெட்ரோல் மட்டம் வாய்க்குக் கொஞ்சம் கீழ நிக்கணும். நீடில் சரியா மூடலைன்னா மட்டம் ஏறி ஜெட் வாய் வழியா இன்ஜினுக்குள்ள வழியும், மிச்சம் மூடில இருக்கிற ஓவர்ஃப்ளோ பைப் வழியா ரோட்டுக்கு. எஸ்யூ-ன்னா ஸ்கின்னர்ஸ் யூனியன், செருப்பு வியாபாரக் குடும்பத்துப் பசங்க ஆரம்பிச்ச கம்பெனி, ஆரம்ப கால மாடல்ல பிஸ்டனுக்குப் பதிலா தோல் துருத்தி வெச்சிருந்தாங்களாம், வீட்டுல தோலுக்குப் பஞ்சமா என்ன.

அடுத்த வாரம் மாமாவோட வாக்கிங் நண்பர் ஒருத்தர் சொன்னார்னு ஒரு இடத்துல காட்டினோம். அவர் ப்ளக்க கழட்டிப் பாத்தார், கரி மாதிரி இருந்துச்சு. "பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல 900 மீட்டருக்கு மேல இருக்கு சார், இங்க காத்து லேசு, மிக்ஸர் ரிச்சாதான் ஆகும்"னு ரெண்டு ஜெட் நட்டையும் மேல ஏத்தி மிக்ஸர லீன் பண்ணிட்டார். ரிச்னா கலவைல பெட்ரோல் ஜாஸ்தி, லீன்னா கம்மி. கேக்க அறிவா இருக்கு, பொய்யும் இல்ல. ஆனா இந்த வண்டி முப்பது வருஷமா இதே ஊர்லதான் ஓடுது, போன மாசம் திடீர்னு பெங்களூர் உயரமாயிடுச்சா? மிக்ஸர் ரிச்சா இருந்தா ப்ளக் கறுக்கும், மைலேஜ் போகும், பெட்ரோல் ரோட்டுல சொட்டாது. சொட்டுதுன்னா அது ஜெட் அட்ஜஸ்ட்மென்ட் பிரச்னையே இல்ல. லீன் பண்ணதுல வண்டி ஆக்ஸிலரேட்டர் குடுத்தா தும்ம ஆரம்பிச்சது, சொட்டறதும் நிக்கல. நட்ட பழைய இடத்துக்கே கொண்டு வந்தோம்.

அதுக்கப்புறம்தான் மர்ஃபி டவுன்ல இருக்கிற பழைய மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். மொதல்லயே போயிருக்கணும். வயசு எழுபது கிட்ட, அம்பாசடர் காலத்துலேர்ந்து கை வெச்சவர். அம்பாசடரோட 1489 சிசி இன்ஜினும் எம்ஜிபி இன்ஜினும் ஒரே பி சீரிஸ், அண்ணன் தம்பி முறை, அதனால அவருக்கு இது அன்னியம் இல்ல. வண்டியப் பாத்ததும் மொதல்ல கார்ப்ரேட்டர் பக்கமே போகல, ஆயில் டிப்ஸ்டிக்க உருவி மோந்து பாத்தார். என்கிட்ட நீட்டினார். பெட்ரோல் நாத்தம்.

"தம்பி, மூணு வாரமா உள்ள இறங்கியிருக்கு. இதோட ஓட்டினா பேரிங் போயிடும். மொதல்ல ஆயில மாத்து, அப்புறம் பேசலாம்."

நாலு லிட்டர் சொச்சம் ஆயில் வடிச்சா ரசம் மாதிரி ஓடுச்சு. ஓவர்ஃப்ளோ கேஸ்ல எல்லாரும் வெளிய சொட்டறதத்தான் பாப்பாங்க, உள்ள இறங்கினது சிலிண்டர் சுவத்துல இருக்கிற ஆயில கழுவிட்டு, அடில ஆயில் நிக்கற சம்ப்புக்குப் போகும். இத நான் யோசிக்கவே இல்ல.

சேம்பர் மூடி திறந்தோம். அடில கண்ணு மை மாதிரி கறுப்புத் தூள், விரல்ல தேச்சா மையாவே ஒட்டுச்சு. ரப்பர். டாங்க்லேர்ந்து வர்ற பழைய ஹோஸ வளைச்சுப் பாத்தா உள் பக்கம் வெடிச்சு உதிருது, வெளிய பாத்தா புதுசு மாதிரி இருக்கு. எத்தனால் பழைய ரப்பரை ஒத்துக்காதுங்கறது தெரிஞ்ச விஷயம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல பிரதமர் 2023 பிப்ரவரி 6 தொடங்கி வெச்சதே இந்த பெங்களூர்லதான், இப்ப பங்க்ல அதுதான் வருது. 1969-ல இந்த வண்டிக்கு ஹோஸ் செஞ்சவன் கனவுல கூட நினைச்சிருக்க மாட்டான்.

நீடில் நுனிய வாட்ச் ரிப்பேர் லென்ஸ்ல பாத்தோம், சுத்தி மோதிரம் போட்ட மாதிரி ஒரு பள்ளம் தேஞ்சிருக்கு. சரி, குற்றவாளி கிடைச்சான்னு ஒரே சந்தோஷம். ஆனா அண்ணன் "ஃப்ளோட்டையும் பாத்துடுவோம்"னார். நைலான் ஃப்ளோட் எங்கயாவது கீறி உள்ள பெட்ரோல் போயிருந்தா மிதக்காது, மூடாது. காது கிட்ட வெச்சு ஆட்டினா சளக்னு சத்தம் வருதான்னு பாக்கணும், வரல. அதுவும் போதாதுன்னு சுடுதண்ணில முக்கிப் பாக்கணும், உள்ள இருக்கிற காத்து விரிஞ்சு ஓட்டை இருந்தா குமிழி வரும். மாமா அத்தைகிட்ட கேக்காம ரசச் சொம்புல சுடுதண்ணி புடிச்சிட்டு வந்துட்டார். ரெண்டு ஃப்ளோட்டையும் குச்சியால அமுக்கிப் புடிச்சோம், மூணு பேரும் சொம்புக்குள்ள எட்டிப் பாக்கறோம், ஒரு குமிழி கூட வரல. ஃப்ளோட் ரெண்டும் நல்லது. சொம்பு மட்டும் திரும்ப சமையலறைக்குள்ள போகவே இல்ல, அத்தை அத தோட்டத்துக்குத் தள்ளிட்டாங்க, வருஷக்கணக்கா பேசுவாங்க இத.

நீடில் செட் இங்கிலாந்துலேர்ந்து வர மூணு வாரம். ஜே.சி. ரோட்டுல தேடினோம், ஒத்து வர்றது கிடைக்கல. வந்ததும் ரெண்டு பக்கமும் மாத்தினோம், லெவல் வெச்சோம். மூடிய தலைகீழா புடிச்சா ஃப்ளோட் தன் பாரத்துல நீடில மூடி உக்காரும், அப்ப ஃப்ளோட் கைக்கும் மூடி விளிம்புக்கும் நடுவுல 3.2-லேர்ந்து 4.8 மிமீ வரைக்கும் இடைவெளி இருக்கணும், அதாவது எட்டுல ஒரு இன்ச் ட்ரில் பிட் நுழையணும். அண்ணன் ஸ்கேல் எல்லாம் எடுக்க மாட்டார், ட்ரில் பிட் தான். பழைய ஹோஸ் எல்லாம் தூக்கிப் போட்டு எத்தனால் தாங்கற ஜே30 ஆர்9 ரகம் போட்டோம், கண்ணாடி மாதிரி தெரியற ஃபில்டர் ஒண்ணும் போட்டோம்.

பதினோரு நாள் சொர்க்கம். பன்னெண்டாவது நாள் அல்சூர் ஏரி ஓரம் சிக்னல்ல அதே நாத்தம், அதே புகை, அதே முன் கார்ப்ரேட்டர். மாமா முகத்தப் பாக்க முடியல.

மறுபடி திறந்தோம். இந்தத் தடவ சேம்பர் பளிச்சுனு இருக்கு, தூள் இல்ல, நீடில் புதுசு, லெவல் சரி. எனக்கு ஒண்ணும் புரியல. அண்ணன் பேசாம முன் மூடிய நீடில் ஃப்ளோட்டோட அப்படியே பின்னாடியும், பின் மூடிய முன்னாடியும் மாத்திப் போட்டார். மூடில கோளாறுன்னா கோளாறு பின்னாடி போகணும், சேம்பர்லயோ ஜெட்லயோ கோளாறுன்னா முன்னாடியே நிக்கணும். ரெண்டுமே சரியா பொருந்தல. மொத நாள் பின்னாடி சொட்டுச்சு, மறுநாள் ரெண்டும் சொட்டுச்சு.

அண்ணன் பீடியப் பத்த வெக்கப் போய், பெட்ரோல ஞாபகம் வந்து திரும்பப் பாக்கெட்ல போட்டுட்டு சொன்னார், "தெருவுல ரெண்டு வீட்டுல பேதின்னா சமையல பாக்காத தம்பி, தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாரு."

ரெண்டு கார்ப்ரேட்டருக்கும் பொது என்ன? பம்ப்.

இங்கதான் மாமா மெதுவா ஒரு விஷயத்த வெளிய விட்டார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி பழைய எஸ்யூ பம்ப் ரோட்டுல நின்னு போச்சு, அவசரத்துல ஒரு கடைல எலக்ட்ரானிக் பம்ப் ஒண்ணு வாங்கி மாட்டிட்டார், ஓடுது, மறந்துட்டார். ஓவர்ஃப்ளோ ஆரம்பிச்சது ரொம்ப நாள் கழிச்சுங்கறதால ரெண்டையும் யாரும் முடிச்சுப் போடல. கேஸ் ஹிஸ்டரி கேக்கும்போது "சமீபத்துல என்ன மாத்தினீங்க"ன்னு கேட்டேன், அவருக்கு ஒன்றரை வருஷம் சமீபம் இல்ல. கேள்வி என்னோட தப்பு, "ஒரிஜினல் இல்லாத பார்ட் என்னென்ன"ன்னு கேட்டிருக்கணும்.

இன்ஜின் ஓட்டாம இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணி வெச்சோம். முன் கார்ப்ரேட்டர் ஓவர்ஃப்ளோ பைப்புக்குக் கீழ ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். பம்ப் "உய்ய்"னு ஓடிட்டே இருக்கு. நாலாவது நிமிஷம் மொத சொட்டு. பத்து நிமிஷத்துல பாட்டில் அடி மறைஞ்சது. இன்ஜின் சூடு இல்ல, டிராஃபிக் இல்ல, ஹெப்பாள் இல்ல, நிழல்ல நின்ன வண்டி. இந்த ஒரு டெஸ்ட மொத வாரமே பண்ணியிருந்தா மூணு மாசம் மிச்சம்.

அப்புறம் பம்ப்புக்கும் கார்ப்ரேட்டருக்கும் நடுவுல டி ஜாயின்ட் போட்டு சின்ன ரேஞ்ச் பிரஷர் கேஜ் ஒண்ணு மாட்டினோம். டயர் கடை கேஜ் இதுக்கு ஆகாது, அதுல இந்த அளவுக்கு முள்ளு அசையக்கூட அசையாது. கேஜ் 5.8 பிஎஸ்ஐ காட்டுச்சு, பிஎஸ்ஐ-ன்னா அழுத்தத்தோட அளவு. எஸ்யூ கார்ப்ரேட்டருக்கு சுமார் 3 பிஎஸ்ஐ போதும். வித்தியாசம் கேக்க சின்னதா இருக்கும். 3 பிஎஸ்ஐ பெட்ரோல சுமார் 2.8 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும், ஒரு ஆள் கை தூக்கி எட்டற உயரத்துக்கும் கொஞ்சம் மேல. 5.8-ன்னா மாமா வீட்டு மொட்டை மாடி பக்கம் வந்துடும். நீடில் ஓட்டை 2.5 மிமீ-ன்னு வெச்சுக்கங்க, 3 பிஎஸ்ஐ-க்கு நீடில் மேல பத்து கிராம் பாரம், 6-க்கு இருபது. ஃப்ளோட்டுக்கு தெரிஞ்சது மிதக்கறது மட்டும்தான், இரட்டை பாரத்த தடுக்கணும்னா இன்னும் ஆழமா முங்கணும், ஆழமா முங்கணும்னா பெட்ரோல் மட்டம் ஏறணும், மட்டம் ஏறினா ஜெட் வாய் கிட்ட வந்துடும். அதுக்கு மேல ஒரு துளி தூசு, கொஞ்சம் அதிர்வு, கொஞ்சம் சூடு, ஏதாவது ஒண்ணு போதும் வழியறதுக்கு. ரோட்டுல வேகமா போகும்போது இன்ஜின் குடிச்சிடுது, அதனால தெரியல. ஐடில்ல குடிக்கறது கொஞ்சம், பம்ப் தள்றது அதே தள்ளு. ஹெப்பாள்லயும் அல்சூர்லயும் மட்டும் ஏன் மாட்டினோம்ங்கறதுக்கு இதான் விடை.

அப்ப பழைய நீடில்ல இருந்த பள்ளம்? அதுவும் நிஜம்தான், ரப்பர் தூளும் நிஜம்தான். ஒன்றரை வருஷம் இரட்டை அழுத்தத்துல சீட்டுல அடிபட்டு நீடில் சீக்கிரம் தேஞ்சிருக்கும்னு அண்ணன் சொல்றார், எனக்கும் அப்படித்தான் படுது. புது நீடில் போட்டதும் பதினோரு நாள் தாங்கினது, அது புதுசுங்கறதால. தட்டினதும் நின்னது, தூசுங்கறதால. ஒவ்வொரு ரிப்பேரும் கொஞ்சம் கொஞ்சம் வேலை செஞ்சதுதான் பெரிய வில்லங்கம், சுத்தமா தோத்திருந்தா சீக்கிரம் வேற பக்கம் திரும்பியிருப்போம்.

அழுத்தத்தக் குறைக்கற ரெகுலேட்டர் வாங்கி மாட்டலாம்னு நான் சொன்னேன். அண்ணன் மாமாவப் பாத்து, "பழைய பம்ப் எங்க சார்?"னு கேட்டார்.

பரண்ல. கன்னட பேப்பர்ல சுத்தி, தீபாவளிக்கு வாங்கின அகல் விளக்குக்குப் பின்னாடி. கறுப்பு மூடிய கழட்டினா உள்ள கான்டாக்ட் பாயின்ட் கரிஞ்சு போய் இருக்கு, அவ்ளோதான். எஸ்யூ பம்ப் உள்ள ஒரு காந்தச் சுருள், ஒரு டயாஃப்ரம், ஒரு சுவிட்ச். சுருள் டயாஃப்ரத்த இழுக்கும், இழுத்து முடிஞ்சதும் பாயின்ட் விடும், ஸ்ப்ரிங் திருப்பித் தள்ளும், மறுபடி பாயின்ட் சேரும். ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு "டக்". பெட்ரோல தள்றது கரன்ட் இல்ல, அந்த ஸ்ப்ரிங்தான், அதனால ஸ்ப்ரிங்குக்கு மேல அழுத்தம் வரவே வராது. மெல்லிசு எமரிய மடிச்சு பாயின்ட் நடுவுல விட்டு நாலு இழுப்பு. டயாஃப்ரம் விறைச்சுப் போயிருந்ததால அத மட்டும் புதுசு போட்டோம், சுவிட்ச் தாண்டி விழற இடம் வரைக்கும் சுத்தி, அங்கேர்ந்து நாலு ஓட்டை பின்னாடி, அதாவது மூணுல ரெண்டு சுத்து. இத பண்ணும்போது அண்ணன் ரேடியோவ ஆஃப் பண்ணச் சொன்னார், விரலால அமுக்கி அமுக்கி சத்தம் கேட்டே வெச்சார்.

வண்டில மாட்டி சாவி போட்டோம். டக்டக்டக்டக்... டக்... டக்.... டக். நின்னுச்சு. கேஜ் 2.8. யாரும் மூச்சு விடல, அரை நிமிஷம் கழிச்சு இன்னொரு டக், அவ்ளோதான்.

அப்பத்தான் எனக்கு உறைச்சது. இந்த பம்ப் இருந்திருந்தா ஓவர்ஃப்ளோ ஆன அன்னிக்கே சொல்லியிருக்கும். சேம்பர் ரெண்டும் நெறஞ்சு நீடில் மூடினா டக் நிக்கும், எங்கயாவது ஒழுகினா நிக்காது. சாவி போட்டு காது குடுத்தா போதும், கேஜ் வேண்டாம், ஹார்லிக்ஸ் பாட்டில் வேண்டாம். புது பம்ப் நெறஞ்சாலும் "உய்ய்", ஒழுகினாலும் "உய்ய்". ஊமையான ஒண்ண வாங்கி மாட்டிட்டு வண்டி ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதுன்னு மூணு மாசம் புலம்பியிருக்கோம்.

நாலு மாசம் ஆச்சு, 900 கிலோமீட்டர் ஓடியாச்சு. ஹொசூர் ரோட்டுல சில்க் போர்டு ஜங்ஷன்ல ஒரு மணி நேரம் வேணும்னே நிக்க வெச்சோம், சொட்டல. ஆயில் மோந்து பாத்தா ஆயில் நாத்தம்தான் வருது. சூடா நிறுத்திட்டு பத்து நிமிஷம் கழிச்சு எடுத்தா லேசா பெட்ரோல் வாசன, ரெண்டு செல்ஃப் கூடுதலா கேக்கும், அது அடில இருக்கிற எக்ஸாஸ்ட் சூட்டுல சேம்பர் பெட்ரோல் கொதிக்கறது, ஓவர்ஃப்ளோ இல்ல. தகட்டுக்கு ஏதாவது உறை போடலாமான்னு யோசிச்சிட்டு இருக்கோம்.

போன செவ்வாய்க்கிழமை காலைல மாமா போன். "டேய், டக் நிக்க மாட்டேங்குதுடா, இருபது எண்ணிட்டேன்." வண்டிய எடுக்காதீங்கன்னு சொல்லிட்டு போனேன். பின் மூடி மட்டும் கழட்டினேன், நீடில் சீட்டுல தலைமுடி அளவு ஒரு துணி நூல், நாங்க துடைச்சப்ப விட்டது. எடுத்துப் போட்டு மூடினேன். பத்து நிமிஷ வேலை. ரோட்டுல ஒரு சொட்டு விழல. அத்தை காபி கொண்டு வந்து வெச்சிட்டு சமையலறை ஜன்னல்லேர்ந்து கேட்டாங்க, "நின்னுச்சா?"

நின்னுச்சு.